வளைகாப்புக்குப் பிந்திய மூன்று வாரம்

"கால்ல நீர் இறங்கியிருக்கு, முதல் பிள்ளைக்கு அப்படித்தான்." மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். இந்தப் பேச்சைக் கேட்காத வாரமே இல்லை. அந்த வீக்கம் கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் (பி.பி.) ஏறுவதன் அறிகுறியாகவும் இருக்கலாம்; கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம்.

நான் சேர்ந்த புதிது. 108 ஆம்புலன்ஸ் 2008-ல்தான் வந்தது; இது அதற்கு முன். விடியற்காலையில் வாடகை வேனில் ஒரு பெண்ணை வலிப்போடு கொண்டுவந்தார்கள். வயது 20. எட்டு மாதம் முடிந்திருந்தது. பி.பி. 180/120. கை நிறையக் கண்ணாடி வளையல். சில உடைந்து மணிக்கட்டில் குத்தியிருந்தன. நரம்பு கிடைக்காமல் மிச்சத்தையும் உடைக்கப் போனபோது, "பிரசவம் ஆகாம வளையலைக் கழட்டக் கூடாது டாக்டரம்மா" என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். உடைத்தோம்.

வலிப்பை அடக்கும் மருந்தான மேக்னீசியம் சல்பேட் நரம்பில் 4 கிராம், இடுப்பில் பக்கத்துக்கு 5 கிராம். அடுத்தடுத்த ஊசி நாலு மணி நேரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் முட்டியில் தட்டிக் கால் உதைக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும். சீனியர் சிஸ்டர் ஒருவர் இரவு முழுக்க என் பக்கத்திலேயே நின்றார். குழந்தை பிழைத்தது. மூளையில் ரத்தம் கசிந்து அவள் மறுநாள் இறந்துபோனாள்.

தாய் மரணத் தணிக்கையில் அவளுடைய கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையை விரித்தோம். கடைசிப் பதிவு வளைகாப்புக்கு நாலு நாள் முன்பு, 130/86. அதன்பின் மூன்று வாரம் வெறும் கட்டங்கள். புகுந்த ஊர் நர்ஸ் அவள் தாய்வீட்டில் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்திருந்தார். தாய்வீட்டு ஊர் நர்ஸுக்கு அவள் வந்ததே தெரியாது. பி.பி. ஏறிய கர்ப்பிணிகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பை இந்த மருந்து பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 'மேக்பை' என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு 2002-லேயே காட்டியிருந்தது. மருந்து எங்கள் அலமாரியில் இருந்தது. பி.பி. ஏறியதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அன்றிலிருந்து ஏழாம் மாதம் தொடங்கினாலே கேட்பேன்: "வளைகாப்பு எப்போம்மா? அப்புறம் எந்த ஊர்?" அந்த ஊர்ப் பெயரை அட்டையின் மேலே சிவப்பு மையில் எழுதி, அங்குள்ள கிராம சுகாதார செவிலியருக்கு நானே போன் செய்வேன். இதெல்லாம் டாக்டர் செய்கிற வேலையா என்றவர்கள் உண்டு. இதுதான் என் வேலை என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அப்படி ஒரு செவிலியர் கூப்பிட்டார். "மேடம், நீங்க சொன்ன பொண்ணு வந்திருக்கு. 150/100. அனுப்பவா?" பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வார்டுக்குள் வந்தாள். வளையல்களை மேலே தள்ளித் துணியால் கட்டி ஊசி ஏற்றினோம். சுகப்பிரசவம். மூன்றாம் நாளே, "பிள்ளை பொறந்தாச்சே, இனி என்ன" என்று அவள் அப்பா ஆட்டோ கொண்டுவந்து நிறுத்தினார். பிரசவத்துக்குப் பிறகு மூன்றிலிருந்து ஆறாம் நாள் வரைதான் பி.பி. உச்சத்துக்கு ஏறும் என்று உட்காரவைத்துச் சொன்னேன். நாலாம் நாள் 160/110.

ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனாள். போகும்போது வளையல்களைக் கழற்றி, பிரசவம் பார்த்த சிஸ்டர் கையில் கொடுத்தாள்.