தேவதைகள் அல்லர், அதிகாரிகள்

போர்க்களச் செவிலியரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே 'வெள்ளுடைத் தேவதைகள்' என்ற தொடர் தானாக வந்து விழுந்துவிடுகிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. தேவதைக்குப் பசிக்காது, குண்டடி படாது, சம்பளமும் பதவியும் தேவைப்படாது. ஆகவே அப்படிப் புகழ்ந்துவிட்டால் அவர்களுக்குப் பட்ட கடனைக் கணக்குப் பார்க்கும் வேலை நமக்கு மிச்சமாகிவிடுகிறது.

1942 பிப்ரவரி 12 அன்று, சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழவிருந்த தறுவாயில், 65 ஆஸ்திரேலிய ராணுவச் செவிலியர் 'வைனர் புரூக்' என்ற கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டனர். இரண்டே நாளில் அது, சுமத்ராவை ஒட்டிய பங்கா நீரிணையில், குண்டுவீச்சுக்கு இரையாகி மூழ்கியது. 12 செவிலியரைக் கடல் கொண்டது. பங்கா தீவின் கரையில் ஒதுங்கிய 22 பேர், மேட்ரன் (தலைமைச் செவிலி) ஐரீன் டிரம்மண்டின் தலைமையில், காயம்பட்டவர்களை விட்டுப் போக மனமின்றி அங்கேயே தங்கினர். 16ஆம் தேதி வந்த ஜப்பானியச் சிப்பாய்கள் முதலில் ஆண்களை அப்பால் நடத்திச் சென்று கொன்றனர். பிறகு செவிலியரைக் கடலுக்குள் இறங்கி நடக்கச் சொல்லி, முதுகுப்புறமிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டனர்.

அவர்களில் பிழைத்தவர் விவியன் புல்விங்கிள் ஒருவரே. இடுப்பருகே தோட்டா துளைத்துச் சென்ற நிலையில், பிணம் போல் அலையில் கிடந்து உயிர் தப்பியவர், காட்டுக்குள் இன்னொரு உயிரைக் கண்டார்: படுகாயமுற்ற ஒரு பிரிட்டிஷ் சிப்பாய். தம் காயத்தோடு அவருக்கும் சுமார் 12 நாள் பணிவிடை செய்தபின், வேறு வழியின்றி இருவரும் சரணடைந்தனர். அப்போது சீருடையில் இருந்த தோட்டா ஓட்டையை மறைக்கும்படி ஒரு தண்ணீர்க் குடுவையைத் தொங்கவிட்டுக்கொண்டார். ஓட்டை கண்ணில் பட்டால், படுகொலைக்குச் சாட்சி ஒருத்தி உயிரோடிருப்பது தெரிந்துவிடும். முகாமில் சந்தித்த சக செவிலியரும் அந்த ரகசியத்தை மூன்றரை ஆண்டு காத்தனர். புல்விங்கிள் உட்படச் சிறைப்பட்ட 32 பேரில் 8 பேர் முகாமிலேயே இறந்தனர். 1946இல் டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்தில் புல்விங்கிள் சாட்சி சொன்னார்; அந்தச் சீருடை இன்று கான்பெராவிலுள்ள போர் நினைவகத்தில் இருக்கிறது.

அதே 1942இல் பிலிப்பைன்ஸில் அமெரிக்கச் செவிலியர் 77 பேர் சிறைப்பட்டனர். அதற்கு முன் பட்டான் காட்டில் கூரையே இல்லாமல், மரத்தடியில் கட்டில்களை வரிசையாகப் போட்டு அவர்களில் பலர் வார்டு நடத்தியிருந்தார்கள். மணிலாவின் சான்டோ தோமாஸ் முகாமில் ராணுவச் செவிலியரின் தலைவி மாட் டேவிசன் சீருடையையோ வேலை அட்டவணையையோ தளர விடவில்லை. பட்டினியால் உடல் இளைத்த நாட்களிலும் முகாம் மருத்துவமனையில் முறை வைத்து வேலை செய்தார்கள். 77 பேரும் உயிரோடு திரும்பினார்கள். அது அதிசயம் அல்ல, நிர்வாகம் என்றே நான் சொல்வேன்.

ஆனால் அவர்கள் தோளில் இருந்த பட்டி அரைகுறையானது. 1920இல் அமெரிக்க ராணுவம் தன் செவிலியருக்குக் கொடுத்தது 'ஒப்புப் பதவி' மட்டுமே: பெயருக்கு லெப்டினன்ட், ஆனால் அதே பதவியிலிருந்த ஆண் பெறும் சம்பளம் கிடையாது. முழு அதிகாரிப் பதவி 1944இல்தான் வந்தது, அதுவும் தற்காலிகமாக. நிரந்தரமாக்க 1947 ஆயிற்று. இந்தியாவில் 1943ஆம் ஆண்டு அவசரச் சட்டம் ராணுவச் செவிலியரை அதிகாரிகளாக்கியிருந்தது; இந்த விஷயத்தில் நாம் முந்திக்கொண்டோம் என்பதைச் சற்றுப் பெருமையோடு குறித்துவைக்கிறேன்.

மேஜர் டேவிசனுக்குச் சிறப்புச் சேவைப் பதக்கம் தர வேண்டும் என்று போர் முடிந்ததும் பரிந்துரை போனது, மேலிடம் ஏற்கவில்லை. அவர் 1956இல் இறந்தார். பதக்கம் 2001இல் வந்தது.