இரண்டு ஏக்கர் வயலும் ஒரு கெயார் விசாவும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் தாழ்ந்த நேரத்தில், முரசுமோட்டையிலிருந்து ஒரு பிள்ளை என் வீட்டுக்கு வந்தாள். நான் குடும்பநல உத்தியோகத்தராக இருந்த காலத்தில் அவளுடைய பிறப்பு நிறையை அட்டையில் எழுதியவள் நான்தான்: 2.4 கிலோ. இப்போது முதியோர் பராமரிப்பில் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற்று நிற்கிறாள். பிளாஸ்டிக் உறைக்குள் நான்கு தாள்களை வைத்திருந்தாள். ஐரோப்பிய நாடொன்றில் முதியோர் இல்லத்தில் வேலை. மொத்தம் 18 லட்சம். அதில் 3 லட்சத்தை வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால்தான் கோப்பு நகரும் என்று முகவர் சொல்லியிருக்கிறார்.

"அன்ரி, சம்பளம் சரியா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள்.

நான் சம்பளத்தைப் பார்க்கவில்லை. "3 லட்சம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன். அவள் மாமரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மாவின் நகை கொஞ்சம் இருக்கிறது. மிச்சத்துக்கு வயல்" என்றாள்.

வயல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. காரணம் என் பெறாமகள்.

என் தங்கையின் கணவர் 2009 இல் மாத்தளனில் ஷெல் விழுந்து இறந்துபோனார். தங்கை இரண்டு பிள்ளைகளோடு மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து, இரணைமடுக் குளத்தின் கீழிருந்த இரண்டு ஏக்கர் வயலை வைத்தே அவர்களை வளர்த்தாள். மூத்தவள் வவுனியாவில் பராமரிப்புப் பயிற்சி முடித்தாள். அந்த நேரத்தில்தான் லண்டன் கெயார் விசா என்ற பேச்சு பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வரை பரவியிருந்தது. பேச்சு பொய்யில்லை. 2022 பெப்ரவரியில் பிரித்தானியா பராமரிப்பு ஊழியர்களுக்கு அந்த விசாவை உண்மையாகவே திறந்துவிட்டது. முதியவர்களைக் கவனிக்க அங்கே ஆள் இல்லை, இங்கே பிள்ளைகளுக்கு வேலை இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒருவர் வந்து நின்றார். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், கோயில் நிர்வாகத்தில் இருந்தவர். அதனால்தான் நம்பினோம். நானும் நம்பினேன். அதை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவில் நேர்மை இருக்காது.

58 லட்சம் கொடுத்தோம். வயலை ஈடு வைத்து 22 லட்சம். பணம் திரும்பும்வரை விளைச்சல் எல்லாம் பணம் தந்தவருக்கு. நகை 11 லட்சம், அதற்குள் தங்கை அவ்வளவு காலமும் பொத்தி வைத்திருந்த தாலிக்கொடியும் போனது. மிச்சம் 25 லட்சத்தை விசுவமடுவில் ஒருவரிடம் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு எடுத்தோம். வட்டி மட்டும் மாதம் 75,000 ரூபாய். ஒரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு இல்லை.

2023 செப்டெம்பரில் பிள்ளை போய் இறங்கினாள். ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 37.5 மணித்தியால வேலை, மணிக்கு 10.75 பவுண் என்று இருந்தது. முதல் ஆறு வாரம் வேலையே தரவில்லை. பிறகு வாரத்துக்கு 14 மணித்தியாலம். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, உணவு சூடாக்கி வைக்கும் வேலை. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு இரவு பத்துக்குத் திரும்புவாள். ஆனால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்துக்குக் காசு இல்லை. ஐந்து பெண்கள் படுக்கும் அறைக்கு வாடகையைச் சம்பளத்திலேயே வெட்டினார்கள். பயிற்சிக்கென்றும் வெட்டினார்கள். கேட்டால் ஒரே பதில்: "விசாவை ரத்துச் செய்யச் சொல்வோம்."

அவள் எனக்குத் தொலைபேசி எடுப்பது எங்கள் நேரம் விடியப்புறம் மூன்றரைக்கு. தாய்க்குத் தெரியக்கூடாது என்பதற்காகப் பெரியம்மாவுக்கு எடுப்பாள். தான் பார்த்துவந்த 91 வயதுக் கிழவியைப் பற்றித்தான் அதிகம் பேசுவாள். தனியாக இருக்கும் அந்த மனுஷிக்கு ஒதுக்கிய நேரம் 15 நிமிடம். "சாப்பாட்டை வாயில் வைக்கும்போதே மணிக்கூட்டைப் பார்க்கிறேன், பெரியம்மா" என்று அழுவாள். பட்டினியாகக் கிடக்கும் பராமரிப்பாளரின் கையில்தான் அந்த நாட்டு முதியவர்களும் இருந்தார்கள்.

அவளுடைய கடவுச்சீட்டை ஒருவரும் பறிக்கவில்லை. அறையைப் பூட்டவுமில்லை. அதனால் நானே முதலில், "அப்படியென்றால் வேலையை விட்டுவிடேன், பிள்ளை" என்று சொன்னேன். "விட்டால் வட்டியை யார் கட்டுவது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் தேடி வாசிக்கத் தொடங்கினேன். கட்டாய உழைப்பை அடையாளம் காண சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 11 அறிகுறிகளைச் சொல்கிறது. ஏமாற்றுதல், சம்பளத்தைப் பிடித்து வைத்தல், மிரட்டுதல், இயலாமையைப் பயன்படுத்துதல், கடனால் கட்டிப்போடுதல் என்று என் பெறாமகளிடம் ஐந்தை எண்ணினேன். கடைசியில் சொன்னதை லண்டன்காரர் எவரும் செய்யவில்லை. அது எங்கள் வீட்டு முற்றத்தில், நான் தேநீர் கொடுத்து உபசரிக்க, விமானம் ஏறுவதற்கு நான்கு மாதம் முன்னரே நடந்து முடிந்திருந்தது.

பிரித்தானியாவில் நவீன அடிமைத்தனத்துக்கு எதிராக 2015 இல் ஒரு சட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 3 கோடியே 60 லட்சம் பவுணுக்குக் குறையாத நிறுவனங்கள், தங்கள் தொழிலில் அடிமைத்தனம் நுழையாமல் என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். நல்ல சட்டம். ஆனால் இருபது முப்பது பேரை வைத்து நடத்தும் ஒரு சிறிய பராமரிப்பு நிறுவனம் அந்த எல்லைக்குள் வராது. வேலை தேடுபவரிடம் முகவர் கட்டணம் வாங்கக்கூடாது என்று அங்கே 1973 இலிருந்தே சட்டம் இருக்கிறது. அந்தக் கட்டணத்தை இங்கே கோயில் வீதியில் ரொக்கமாக வாங்கிவிட்டால் அங்குள்ள தாள் வெள்ளையாகவே இருக்கும்.

2024 கோடையில் அந்த நிறுவனத்தின் ஸ்பொன்சர் உரிமத்தை, அதாவது வெளிநாட்டு ஊழியர்களை விசாவில் எடுக்கும் உரிமத்தை, பிரித்தானிய அரசு பறித்தது. இப்படி 2022 ஜூலையிலிருந்து 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் மட்டும் 470 இற்கு மேற்பட்ட உரிமங்கள் பறிக்கப்பட்டன. அந்த நிறுவனங்களோடு தொடர்புபட்ட ஊழியர்கள் 39,000 இற்கும் அதிகம். குற்றம் செய்தவனின் உரிமம் போனது சரி. ஆனால் தண்டனைக் கடிதம் என் பிள்ளைக்கும் வந்தது: 60 நாளுக்குள் புதிய ஸ்பொன்சர், இல்லையேல் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். 53 ஆம் நாள் ஒரு முதியோர் இல்லம் அவளை எடுத்தது. அவளோடு இருந்த மற்ற நான்கு பெண்களில் இருவர் திரும்பிவிட்டார்கள். ஊருக்கு வராமல் கொழும்பிலேயே தங்கிவிட்டார்கள், ஊர் வாய்க்குப் பயந்து. அந்த வெட்கம்தான் முகவருக்குக் காவல். எங்கள் வாயை அவர் மூடத் தேவையில்லை, நாங்களே மூடிக்கொள்கிறோம்.

முறைப்பாடு செய்யப் போனபோது கேட்ட முதற்கேள்வி பற்றுச்சீட்டு. இலங்கையில் சட்டம் இல்லாமலில்லை. ஆட்கடத்தலுக்கு இரண்டு முதல் இருபது ஆண்டு வரை சிறை என்று 2006 இன் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் சொல்கிறது. கடன் அடிமைத்தனமும் அதே திருத்தத்தில்தான் குற்றமானது. எங்களிடம் இருந்தது வெறும் கண்ணீர். இப்போது யார் வந்தாலும் சொல்கிறேன்: காசைக் கையில் கொடுக்காதீர்கள், குரற்பதிவுகளை அழிக்காதீர்கள்.

முரசுமோட்டைப் பிள்ளையை மறுநாள் நானே கண்டாவளைப் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். பக்கத்து மேசையில் நலன்புரிக் கொடுப்பனவுக்காக நிற்கும் பலருக்கு இது தெரியாது. ஏஜென்சிக்கு உரிமம் இருந்தது. ஆனால் உரிமம் இருந்தால் போதாது. ஒவ்வொரு வேலைக்கும் தனியாக இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி வேண்டும். முகவர் சொன்ன ஐரோப்பிய நாட்டுக்கு, இந்த வேலைக்கு அப்படி ஒன்று இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். லண்டன் கதவு திரும்பத் திறந்துவிட்டது என்று எவராவது சொன்னாலும் நம்பவேண்டாம். வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பு ஊழியர்களை எடுப்பதை 2025 ஜூலை 22 உடன் அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

செயலக வாசலில் நின்றபடியே அவள் முகவருக்குத் தொலைபேசி எடுத்தாள். குரல் நடுங்கியது, ஆனாலும் கேட்டாள்: அனுமதி இலக்கம் என்ன, பற்றுச்சீட்டு தருவீர்களா? "நம்பிக்கை இல்லாவிட்டால் விடு, தங்கச்சி, வேறு பத்துப் பேர் நிற்கிறார்கள்" என்றார். அந்தப் பத்துப் பேர் யார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று பேரைக் கண்டுபிடித்துப் பேசிவிட்டேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் என் வளவுக்கு அனுப்புங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை.

பெறாமகள் மாதாமாதம் அனுப்புகிறாள். வட்டிக்காரரின் கணக்கு சென்ற தைப்பொங்கலோடு முடிந்தது. வயலுக்கு இன்னும் 13 லட்சம் இருக்கிறது. இந்தக் காலபோகத்திலும் அதை வேறொருவர்தான் விதைத்திருக்கிறார். தங்கை அந்தப் பக்கத்து வரம்பால் போவதில்லை. சுற்றி, வாய்க்கால் கரையால்தான் கடைக்குப் போகிறாள்.