கார்மேகத்துக்குச் சமீபமாய்

மார்ச் 5, 2025. சாம்பல் புதன்

பரிசோதனைக்காக ஊசி குத்திச் சதை எடுத்த இடம் இன்னும் கன்றிப்போயிருக்கிறது. முடிவு தெரியப் பத்து நாளாகும் என்றார்கள். மாலை ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து வேதாகமத்தின் 51ஆம் சங்கீதத்தை வாசித்தபோது, "நொறுங்குண்டதும் நருங்குண்டதுமான இருதயம்" என்ற இடத்தில் எனக்குக் குரல் எழும்பவில்லை.

மார்ச் 7

இரவு 3 மணிக்கு விழித்துக்கொண்டேன். அடுக்களைத் தாழ்ப்பாளை இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆலய வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை; ஆனாலும், பயந்தால் விசுவாசமில்லாதவள் ஆகிவிடுவேனோ என்ற இன்னொரு பயத்தை அந்தச் சொல் கூடவே கொண்டுவருகிறது. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்றுதானே 56ஆம் சங்கீதத்தில் இருக்கிறது?

மார்ச் 12

எங்கள் சபைப் போதகர் ஐயர் வீட்டுக்கு வந்து யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தை வாசித்தார். இடிமுழக்கத்துக்கும் எக்காளச் சத்தத்துக்கும் புகைகிற மலைக்கும் அஞ்சி ஜனங்கள் பின்வாங்கியபோது, மோசே அவர்களிடம் "பயப்படாதிருங்கள்" என்று சொல்லி, தேவனைப் பற்றிய பயம் உங்கள் முன்பாக இருக்கும்படியே அவர் எழுந்தருளினார் என்று அதே மூச்சில் சொல்கிறார். எபிரெயத்திலும் இரண்டு பயத்துக்கும் வேர்ச்சொல் ஒன்றுதான் என்றார் ஐயர். சிறுவயது முதல் கேட்ட பகுதி இது, ஒருமுறைகூட நின்று யோசித்ததில்லை.

அவர் போன பிறகு அடுத்த வசனத்தைத் தாண்டிப்போக என்னால் முடியவில்லை. ஜனங்கள் தூரத்திலே நிற்கிறார்கள். மோசே, தேவன் இருந்த கார்மேகத்துக்குச் சமீபமாய்ச் சேருகிறார். இருள் கலையட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. இருட்டை விலக்கும்படி மட்டுமே இத்தனை நாளும் மன்றாடிய நான், அதற்குள் இருப்பவர் யார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆலயப்படியில் கால்வைக்கும் விதம் நினைவுக்கு வந்தது. அந்தப் படியில் அம்மா யாரோடும் பேசியதில்லை. உள்ளே போகத் தயங்கியதும் இல்லை.

மார்ச் 13

தாழ்ப்பாளை ஒரு முறைதான் பார்த்தேன்.

மார்ச் 15

எடுத்த சதையில் சாயமேற்றிப் பார்க்கும் இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டியிருப்பதால் மேலும் ஒரு வாரமாகும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். ஏன் என்று கேட்க நா எழவில்லை. புதன்கிழமை வாசித்ததெல்லாம் எங்கே போயிற்று? மகளிடம் எரிந்துவிழுந்தேன், பிறகு அவளை உட்காரவைத்துத் தலைவாரிவிட்டேன். சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, தலையிலுள்ள மயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்ற லூக்கா 12ஆம் அதிகார வசனத்தையே வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கேயும் 5ஆம் வசனம் தேவனுக்குப் பயப்படுங்கள் என்கிறது, 7ஆம் வசனம் பயப்படாதிருங்கள் என்கிறது.

மார்ச் 18

3 மணிக்கு விழிப்பு வந்தது. விளக்கைப் போடாமல், முக்காடிட்டுக் கட்டிலருகே முழங்காற்படியிட்டேன். "கர்த்தாவே" என்பதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. அறை இருட்டாகவே இருந்தது. அதைவிட்டு எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 21

நாளை காலை 9.30 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் வெள்ளைச் சேலையை எடுத்துவைத்திருக்கிறேன்.