28 எறிகளில் 22

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 1985 அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து இறுதிப் போட்டியை யூடியூபில் மறுபடி போட்டுப் பார்த்தேன். வில்லனோவா 66, ஜார்ஜ்டவுன் 64. முடிவு தெரிந்தும் கடைசி இரண்டு நிமிடம் உட்கார முடியவில்லை.

ஜார்ஜ்டவுன் நடப்புச் சாம்பியன். கூடைக்கு அடியில் ஏழடி பாட்ரிக் யூயிங் வேறு. அவர் முன்னால் போய் அவசரப்பட்டு எறிந்தால் பந்து திரும்பி நம் முகத்துக்கே வரும். வில்லனோவா அவசரப்படவே இல்லை. பாஸ், இன்னொரு பாஸ், ஆள் வந்து மறித்தால் மறுபடி பாஸ். ஆட்டம் முழுக்க எறிந்ததே 28 முறைதான், அதில் 22 விழுந்தது. இரண்டாம் பாதியில் 10க்கு 9! ஜார்ஜ்டவுன் 53 முறை எறிந்து 29 போட்டும் தோற்றது. (வில்லனோவாவின் 22 எறிக்கு 44 புள்ளி. மீதி 22 புள்ளி ஃப்ரீ த்ரோவில், அதாவது ஃபவுலுக்குக் கிடைக்கும் இலவச எறியில் வந்தது, அதை யாரும் பேசுவதில்லை.)

எனக்குப் பிடித்தது ஹெரால்ட் ஜென்சன். பெஞ்சிலிருந்து வந்தவர், 5 எறிந்து 5ம் போட்டார். 54-53 என்று பின்தங்கியிருந்தபோது வில்லனோவாவை முன்னால் கொண்டுபோனதும் அவர்தான்.

சரி, அந்தத் தொடரில் ஷாட் கிளாக், அதாவது இத்தனை விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கெடு, கிடையாது, பொறுமையாக ஆட முடிந்தது. அடுத்த சீசனே 45 விநாடி வந்துவிட்டது. இப்போது 30.

கல்லூரி டீமில் நானும் ஆடியிருக்கிறேன். பந்து கைக்கு வந்தால் எறிந்துவிடுவேன். எனக்குப் பாஸ் கொடுக்க ஏன் யோசித்தார்கள் என்று நேற்றுதான் புரிந்தது.