தாளை மடித்தால் பினாங்குப் பாலம்

மூன்றாம் படிவத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர்கள், வீட்டில் உட்கார வைத்துச் சொல்லித்தரும் அம்மா அப்பா எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். கணிதத்தில் முதல் அத்தியாயமே இண்டெக்ஸ், அதாவது அடுக்கு எண்கள்தான் (2-ஐ மூன்று முறை பெருக்கினால் 2-இன் அடுக்கு 3), தயவுசெய்து விதிகளிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் ஒரு ஏ4 தாளைக் கையில் கொடுங்கள்.

மடிக்க மடிக்க ஒன்றன்மேல் ஒன்றாகத் தாள் 2, 4, 8, 16 என்று ஏறும், ஆறேழு மடிப்பிலேயே கை நின்றுவிடும். தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். மேலும் மடிக்க முடிந்தால் எத்தனையாவது மடிப்பில் அதன் உயரம் பினாங்கின் கொம்தார் கோபுரத்தைத் தாண்டும்? "ஆயிரம் இருக்கும் டீச்சர்" என்றார்கள் என் பிள்ளைகள். 22 போதும், 419 மீட்டர் வந்துவிடும். 27-இல் 13.4 கிலோமீட்டர், கிட்டத்தட்ட பினாங்கு முதல் பாலத்தின் நீளம்! கால்குலேட்டரில் இரண்டால் பெருக்கிக்கொண்டே வந்த பையன் நம்பாமல் மறுபடி முதலிலிருந்து தட்டினான்.

2-இன் அடுக்கு 0 ஏன் 1 என்பதற்கும் பதில் அதே தாளில் இருக்கிறது. மடிக்காத தாள் எத்தனை? ஒன்று. சூத்திரத்தால் நிரூபித்தால் சும்மா தலையாட்டுவார்கள், தாளைக் காட்டினால்தான் முகம் மலர்கிறது.

அப்புறம் தேங்காய்ப்பால் குழம்பு. ஏற்ற சூட்டில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும், அந்தக் கணக்கே போனால் 7 மணி நேரத்தில் ஒன்று இரண்டு மில்லியனைத் தாண்டும். காலையில் வைத்த குழம்பு நம் ஊர் வெயிலில் சாயங்காலம் ஏன் புளிக்கிறது என்று இனி அவர்களே வீட்டில் சொல்வார்கள்.

அடுத்து எதிர்ம அடுக்கு தொடங்குகிறேன். நல்ல உதாரணம் வைத்திருக்கிற ஆசிரியர்கள் சொல்லுங்களேன்.