தரவுப் பாதுகாப்புச் சட்டம்: குடிமைப் பணி மெயின்ஸ் தேர்வுக்குக் கடைசிப் பிரிவிலிருந்து படியுங்கள்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 என்றதும் பெரும்பாலான நோட்ஸ் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017 புட்டசாமி தீர்ப்பில் தொடங்கி, தரவுப் பாதுகாப்பு மசோதாவின் முதல் வரைவைத் தந்த ஸ்ரீகிருஷ்ணா குழுவைத் தொட்டுவிட்டு, 250 கோடி ரூபாய் அபராதத்தோடு முடிந்துவிடும். பிரிலிம்ஸுக்கு அது போதும். மெயின்ஸின் ஜி.எஸ். 2 (பொது அறிவு இரண்டாம்) தாளில் நிர்வாகத்தோடு சேர்த்துக் கேட்டால் அதை வைத்து ஒரு பக்கம் நகராது.

நான் கடைசிப் பிரிவான 44-இலிருந்துதான் படித்தேன். அதன் 3-ஆம் உட்பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே)-வை மாற்றுகிறது. ஒரு தாளை நடுவில் மடித்து, பழைய வாசகத்தை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் எழுதிப் பாருங்கள். இடப்பக்கம் நீளும்: பொதுப் பணியோடு தொடர்பில்லாத, அல்லது அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடும் தனிநபர் தகவலை மறுக்கலாம், பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்க வேண்டும், நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததை யாருக்கும் மறுக்கக் கூடாது. வலப்பக்கம் ஒரே வரி: தனிநபர் தகவலுக்கு விலக்கு. 2025 நவம்பர் முதல் வலப்பக்கம்தான் நடைமுறை.

இப்போது பொதுத் தகவல் அலுவலரின் நாற்காலியில் உட்காருங்கள். ஓர் ஊராட்சியில் பிரதமர் வீடு திட்டத்தில் யார் யாருக்கு எத்தனை தவணை போனது என்று மனு வருகிறது. இறந்தவர் பெயரில் பணம் போயிருக்கிறதா என்று பார்க்கப் பெயர் வேண்டும். பெயரோ தனிநபர் தகவல். மறுக்க ஒரு வரி போதும். கொடுக்க நினைப்பவர், பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிது என்று அதே தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2)-இன் கீழ் காரணம் எழுத வேண்டும். 8(2) அப்படியே இருக்கிறதே, என்ன குறைந்துவிட்டது என்பது அரசுத் தரப்பு. அந்தப் பொறுப்பைத் தன் கையெழுத்தில் ஏற்க எந்த அலுவலர் துணிவார் என்பது எதிர்த்தரப்பு. எனக்கு இரண்டாவதுதான் வலுவாகப் படுகிறது. விடையில் இரண்டும் வர வேண்டும். மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்லும் பிரிவு 4(1)(பி)-யையும் இங்கே கொண்டுவந்தால் வாதம் கூர்மையாகும்.

தரவுச் சட்டத்தின் மற்ற பிரிவுகள் வேகமாக. மானியம், சான்றிதழ், உரிமம் வழங்க அரசு தரவைப் பயன்படுத்த வழிசெய்வது 7(பி). அரசு அமைப்புகளுக்கே விலக்கு தரும் அதிகாரம் 17(2). விதிமீறலை விசாரித்து அபராதம் விதிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு. அதே வாரியத்தின் முன் ஓர் அரசுத் துறை பதில் சொல்ல வேண்டி வந்தால் என்னாகும் என்று ஒரு பத்தி எழுதிப் பழகுங்கள்.

இடமிருந்தால் 2012 கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கு. அரசு ஊழியருக்குத் தரப்பட்ட மெமோ, அவருடைய சொத்து விவரம் போன்றவற்றை உச்ச நீதிமன்றம் அப்போதே தனிநபர் தகவல் என்றது. கதவு 2023-க்கு முன்பே பாதி சாத்தப்பட்டிருந்தது என்று காட்ட இந்த ஒரு வழக்கு போதும்.