பேனல் ஏறியும் நான்கு மாதம் சும்மா கிடந்த கதை

காங்கேயம் பக்கம் சின்னதாக ஒரு தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறோம். எண்ணெய் பிழிகிற எக்ஸ்பெல்லர், கட்டர், ஃபில்டர், பம்பு எல்லாம் சேர்த்து 30 ஹெச்பி இணைப்பு. மாசியில் கூரைமேல் 10 கிலோவாட் சோலார் ஏற்றினேன். அதிலிருந்து முதல் யூனிட் கரண்ட் எடுத்தது ஆனியில். நடுவில் பங்குனி, சித்திரை வெயில் முழுக்க 18 பேனலும் மேலே சும்மா கிடந்தன. கீழே நான் ஈபி பில்லும் கட்டினேன், பேனலுக்கு வாங்கிய கடனுக்கு வட்டியும் கட்டினேன். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இந்த வேலையில் இறங்கப் போகிற யாருக்காவது அந்த நான்கு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காரணம் ஒன்றுதான். மின் இணைப்பு அப்பா பெயரில் இருந்தது. அப்பா 2019ல் தவறிவிட்டார். மாதாமாதம் பில் வருகிறது, ஜிபேயில் கட்டிவிடுகிறோம், ஈபி கார்டில் யார் பெயர் இருக்கிறது என்று யார் பார்த்தோம்? பேனல் போட வந்த கம்பெனிக்காரரிடம் முதல் நாளே சொன்னேன். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாங்க, முதல்ல ஏத்திடலாம்" என்றார். பொருள் இறங்கி ஏற்றி முடித்தால் 90 சதவீதம் பணம் என்று பேசியிருந்தோம், அதனால் அவருக்கு அவசரம். எனக்கும் வெயில் வீணாகப் போகிறதே என்று அவசரம். அங்கேதான் தப்பு நடந்தது. சோலாரை ஈபி லைனோடு இணைக்க மீட்டர் கேட்டு ஆன்லைனில் சர்வீஸ் நம்பரைப் போட்டதும் அப்பா பெயர் வந்து நின்றது, என் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை, விண்ணப்பம் அதற்கு மேல் நகரவில்லை.

ஈபி அலுவலகத்துக்குப் போனேன். "ஏனுங்க, கனெக்‌ஷன் உங்க அப்பா பேர்ல இருக்குது, நீங்க அப்ளை பண்ணுனா எப்படிங்க? பேரை மாத்திட்டு வாங்க" என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னது நியாயம்தான். எனக்கு ஆற்றாமையாக இருந்தது அதற்குப் பிறகு நடந்தது. என்னென்ன வேண்டும் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தாளைத்தான் சொல்வார். முதல் தடவை வாரிசுச் சான்றிதழ். அது கையில் இருந்தது, கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாவது தடவை, மற்ற வாரிசுகளின் ஒப்புதல். அம்மா கூடவே இருக்கிறார். அக்கா கோவையில். ஒரு நாள் மில்லைப் பூட்டிவிட்டுப் போய் முத்திரைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி நோட்டரி போட்டு வந்தேன். மூன்றாவது தடவை அந்தப் பத்திரத்தையும் அக்காவின் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். வாரிசுச் சான்றிதழில் அக்கா பெயருக்கு அப்பா இனிஷியல், ஆதாரில் மாமா இனிஷியல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று இன்னொரு பத்திரம் வேண்டுமாம். மறுபடியும் கோவை. நான் திரும்பி வந்த வாரம் அவர் லீவு, அடுத்த வாரம் வேறு வேலையாக வெளியே.

நான்காவது தடவை போனபோது உட்கார்ந்துவிட்டேன். என்னிடமிருந்த பழைய ரசீது ஒன்றைத் திருப்பி அவர் முன்னால் வைத்து, "சார், பெயர் மாற்றத்திலிருந்து சோலார் மீட்டர் மாட்டுகிற வரைக்கும் இனி என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் இதிலே எழுதிக் கொடுங்கள், நான் எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டு வருகிறேன்" என்றேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து ஐந்து வரி எழுதினார். அந்த ஐந்தும் மூன்றே நாளில் தயாராகிவிட்டது. முதல் நாளே இதைக் கேட்டிருக்க வேண்டும். சொத்து வரி ரசீது ஏற்கெனவே என் பெயருக்கு மாறியிருந்தது. இல்லையென்றால் அது தனி அலைச்சல்.

பெயர் மாறிய பிறகு எல்லாம் ஓடியது. 10 கிலோவாட் வரைக்கும், லைன் தாங்குமா என்று பார்க்கிற சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024ல் மத்திய அரசு விதியைத் திருத்தியிருக்கிறது. கம்பெனிக்காரர் 15 போடச் சொல்லியும் நான் 10ல் நின்றதற்கு அதுதான் காரணம். இரண்டு வாரத்துக்குள் மீட்டர் மாட்டிவிட்டார்கள்.

கூரையைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய கூரை சிமெண்ட் ஷீட். அளவெடுக்க ஏறிய பையன் கால் வைத்ததும் ஒரு ஷீட் விரிசல் விட்டது, நல்லவேளை விழவில்லை. ஒரு பேனலே 28 கிலோ வரும், மேலே ஆள் ஏறிக் கழுவவும் வேண்டும், சிமெண்ட் ஷீட்டில் அது ஆகாது. மொத்தத்தையும் மெட்டல் ஷீட்டாக மாற்றினோம். மாற்றும்போதே ஆறு இடத்தில் வெளிச்சம் விழுகிற ஷீட்டும், காற்றிலேயே சுற்றுகிற இரண்டு வென்டிலேட்டரும் வைத்தோம். இப்போது பகலில் ட்யூப்லைட் போடுவதில்லை. செலவு கூடத்தான், ஆனால் பேனல் ஏறிய பிறகு இதைச் செய்ய முடியாது.

பேனலைப் பிடிக்கிற கிளாம்பை ஷீட்டோடு மட்டும் திருகிவிட்டுப் போகப் பார்த்தார்கள். நான் விடவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் நம் பக்கம் எப்படிக் காற்று வரும் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அடியில் இருக்கிற இரும்புச் சட்டம் வரைக்கும் போல்ட் இறக்கினால்தான் மீதிப் பணம் என்று சொல்லிவிட்டேன். இந்த ஆடியில் பக்கத்துக் களத்தில் கொப்பரை மூடியிருந்த தார்ப்பாய் பறந்துபோய் வேலிமேல் கிடந்தது. எங்கள் பேனல் ஒன்றுகூட அசையவில்லை. அன்றைக்குத்தான் மனது கொஞ்சம் ஆறியது.

அடுத்தது கணக்கு. கொட்டேஷனில், வெளியே போகிற ஒரு யூனிட்டுக்கு உள்ளே வருகிற ஒரு யூனிட் கழியும் என்று போட்டு, நான்கு வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்றார்கள். அது வீட்டுக் கணக்கு. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 விதிப்படி எங்களைப் போன்ற தொழில் இணைப்புக்கு நெட் பில்லிங்தான், அதாவது யூனிட்டுக்கு யூனிட் கழியாது, வாங்குவதற்கு ஒரு விலை, அனுப்புவதற்கு ஒரு விலை. நாம் வாங்குகிற யூனிட் எட்டு ரூபாய்க்குப் பக்கம், நாம் வெளியே அனுப்புகிற யூனிட்டுக்கு ஆணையம் வைத்த விலை அதைவிட மிகக் குறைவு. இது போக, உற்பத்தியாகிற யூனிட்டுக்கு நெட்வொர்க் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விலை இப்படி இருப்பதால் சோலார் கரண்டை வந்த கையோடு நாமே செலவு செய்தால்தான் லாபம். நாங்கள் விடிகாலையில் ஓட்டிக்கொண்டிருந்த எக்ஸ்பெல்லரைக் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை ஓட்டுகிற மாதிரி மாற்றினோம், வார விடுமுறை நாளில் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுவது மாதிரி வேலைகளை வைத்துக்கொண்டோம். 10 கிலோவாட்டுக்கு வருட சராசரி நாளைக்கு 40 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் சொன்னால் நம்பாதீர்கள். வீடுகளுக்கு 78,000 ரூபாய் வரை வருகிற மானியமும் நமக்குக் கிடையாது. வருமான வரிக் கணக்கில் 40 சதவீதத் தேய்மானம் காட்டலாம் என்று ஆடிட்டர் சொன்னார், அது உண்டு.

இன்னொன்று, கம்பெனிக்காரர் யாரும் வாயே திறக்காத விஷயம். மீட்டர் மாட்டிய முதல் மாத பில்லில் பவர் ஃபேக்டருக்கு, அதாவது நாம் இழுக்கிற கரண்டில் எவ்வளவு நிஜ வேலைக்குப் போகிறது என்கிற விகிதத்துக்கு, அபராதம் வந்தது. இத்தனை வருடத்தில் எங்களுக்கு வந்ததே இல்லை, 0.92க்குக் கீழே இறங்கியதில்லை, இந்த முறை 0.79. மீட்டர்தான் கோளாறு என்று சண்டைக்குப் போகத் தயாராகிவிட்டேன். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் உட்கார்த்தி வைத்து விளக்கினார். மோட்டாருக்கு வேலை செய்கிற கரண்ட் ஒன்று, காந்தப்புலம் உண்டாக்குகிற கரண்ட் ஒன்று என இரண்டும் வேண்டும். எங்கள் சோலார் இன்வெர்ட்டர் இப்போதிருக்கிற செட்டிங்கில் முதலாவதை மட்டும்தான் கொடுக்கிறது. நண்பகலில் ஓடுகிற 14 கிலோவாட்டில் 8ஐ சோலார் பார்த்துக்கொண்டால் ஈபியிலிருந்து 6தான் வாங்குகிறோம், ஆனால் காந்தப்புலத்துக்கான பங்கு முழுசாக அங்கிருந்தே வருகிறது. மீட்டரின் கண்ணுக்கு விகிதம் கெட்டுப்போகிறது. 25 ஹெச்பியும் அதற்கு மேலும் உள்ள இணைப்பு 0.85க்குக் கீழே போனால் அபராதம். மோட்டார் ஸ்டார்ட்டரோடு சேர்த்து காந்தப்புலத்துக்கான பங்கை அங்கேயே கொடுக்கிற 5 கேவிஏஆர் கெபாசிட்டர் ஒன்று போட்டார், சில ஆயிரம் ரூபாய் வேலை. அடுத்த பில்லில் அந்த வரி காணாமல் போனது. சோலார் போடும்போதே இதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும், லைனில் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஜெனரேட்டரை விற்றுவிடாதீர்கள். நிழலும் ஒன்று. மூன்று மணிக்கு மேல் மேற்கே இருக்கிற தென்னையின் ஒரு மட்டை நிழல் கடைசி பேனல்மேல் கோடு மாதிரி விழும், அதற்கே அந்த வரிசை மொத்தத்தின் உற்பத்தியும் இறங்குவதை ஆப்பில் பார்த்தேன். அம்மா வைத்த மரம், வெட்ட மனசில்லை. அந்த ஒரு பேனலை மட்டும் கிழக்கு ஓரத்துக்கு மாற்றச் சொன்னேன்.

அந்த ஐந்து வரித் தாளை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்து மில்காரர் நேற்று வந்து ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அவர் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, பேனலுக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை.